முத்திரை குத்தப்பட்ட காவலன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'தமிழில் அறிவியல்' என்பதாகும். பொதுவாகப் பேசிப் பொதுவாகவே முடிக்கக்கூடிய தலைப்பு இது. அவ்வாறு செய்ய விரும்பாமல், ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டேன். மனித உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கும் மிகச் சிறிய புரதம் அது. புற்றுநோயோடு அதற்குள்ள உறவைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே என் முயற்சி. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு என்பதை உரையின் பிற்பகுதி காட்டும் என நம்புகிறேன்.

புற்றுநோயைப் பற்றிப் பேசும் உரிமை வேறெந்த ஊரையும்விடப் புதுக்கோட்டைக்கு ஒரு படி கூடுதலாகவே உண்டு. 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தந்தையார் நாராயணசாமி ஐயர் இங்குள்ள மகாராசர் கல்லூரியில் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில், தேவதாசிகள் எனச் சுட்டப்பட்ட குலத்தில் தோன்றியவர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார்.

அவர்தம் தங்கை புற்றுநோயால் மறைந்தார். அத்துயரே அவரைப் புற்றுநோய் மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. புற்றுற்றோர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளரிடையேயும் நிலவிய காலம் அது. அதனை எதிர்த்து நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவர்தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். அவ்வம்மையார் பிறந்த மண்ணிலிருந்து பேசுகிறோம் என்ற நினைவோடு நம் புரதத்திற்கு வருவோம்.

அதன் பெயர் யுபிக்விட்டின். எங்கும் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர். 1975இல் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டபோது, எந்தத் திசுவில் தேடினும் இது காணப்பட்டமையால் அப்பெயரிட்டனர். 76 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மணிமாலை அது. அதன் தொழில் என்ன என்பது அன்று தெளிவாகவில்லை. எனவே பெயர் அதன் இருப்பிடத்தைச் சொல்லிற்றேயன்றி, செயலைச் சொல்லவில்லை. தமிழில் ஆக்குங்கால் நாமும் 'எங்கும் நிறை புரதம்' என்று மொழிபெயர்த்து அமைந்துவிடலாம். எனினும் இன்று அதன் செயல் தெரிந்துவிட்டது. எனவே 'முத்திரைப் புரதம்' என்று அழைக்க விழைகிறேன்.

முத்திரை நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களுக்கும் ஏற்றுமதியாகும் பண்டங்களுக்கும் புலி முத்திரை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறும். இன்னும் அணுக்கமான சான்று வேண்டுமாயின், நம் சமஸ்தானத்து அம்மன் காசை நினைத்துக்கொள்ளலாம். ஒருபுறம் பிரகதாம்பாள் திருவுருவமும் மறுபுறம் 'விஜய' என்னும் தெலுங்கு எழுத்தும் பொறித்த சிறு செப்புக் காசு அது. தனியொரு காசுக்குப் பெருமதிப்பில்லை. ஆயினும் எல்லார் கையிலும் புழங்கியது. யுபிக்விட்டினும் அவ்வாறே. ஒன்று சேர்ந்தால் ஒரு பொருள். நான்கோ அதற்கு மேலோ சங்கிலியாகக் கோக்கப்பட்டால் வேறு பொருள். குறிப்பிட்ட முறையில் கோத்த அச்சங்கிலி ஒரு புரதத்தின்மேல் ஏறிவிட்டால், 'இதனை அழிக்க' என்பதே ஆணை.

உயிரணுவில் புரதங்கள் இடைவிடாது பிறக்கின்றன. பழுதானவையும் வேலை முடிந்தவையும் அகற்றப்பட வேண்டும். இதற்கென மூவகை நொதிகள் முறையே பணிபுரிகின்றன. முதலாவது நொதி முத்திரையைச் செயலுக்கு ஆயத்தமாக்கும். இரண்டாவது அதனை ஏந்திச் செல்லும். மூன்றாவது, இன்ன புரதத்திற்கு முத்திரையிட வேண்டும் என்று அடையாளங்காட்டிப் பொருத்துவிக்கும். முதல்வகை மனிதரில் இரண்டே. இரண்டாம் வகை ஏறத்தாழ நாற்பது. மூன்றாம் வகையோ அறுநூறுக்கும் மேல். யாருக்குத் தண்டனை என்று முடிவு செய்யும் இடத்தில்தான் அதிகாரிகள் மிகுதி. முத்திரை பெற்ற புரதம் புரோட்டியசோம் எனப்படும் பீப்பாய் வடிவச் சிதைப்பகத்துள் நுழைந்து துண்டு துண்டாகிறது. அழிவது அப்புரதம் மட்டுமே. முத்திரைகள் கழற்றப்பட்டு, மீண்டும் புழக்கத்திற்கு வருகின்றன. தவறாகக் குத்திய முத்திரையை அகற்றுவதற்கும் ஏறத்தாழ நூறு நொதிகள் உள்ளன. மேல்முறையீட்டு மன்றமும் உண்டு என்று கொள்க.

இம்முறையைக் கண்டறிந்தமைக்காக ஆரோன் சிசனோவர், ஆவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவர்க்கும் 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிர் என்பது ஆக்கத்தால் மட்டும் நிற்பதன்று, முறையான அழிவாலும் நிற்பது என்பதே அவர்தம் ஆய்வு உணர்த்திய உண்மை. ஆக்கல், காத்தல், அழித்தல் என்று முத்தொழில் பேசிய மரபினர்க்கு இக்கருத்து அயலானதன்று. எனினும் நம் முன்னோர் இதனை முன்பே கண்டுவிட்டனர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்புமை வேறு, கண்டுபிடிப்பு வேறு.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். நம் உயிரணுக்களில் பி53 என்றொரு புரதம் உண்டு. 1979இல் அறியப்பட்டது. மரபணுவில் சிதைவு நேர்ந்தால், உயிரணு பிளந்து பெருகுவதை இது தடுத்து நிறுத்தும். பழுதைச் செப்பனிட வாய்ப்பளிக்கும். செப்பனிட இயலாதெனின் அவ்வுயிரணுவையே மாய்த்துக்கொள்ளச் செய்யும். இதனை மரபணுவின் காவலன் என்று அறிவியலாரே வழங்குவர். மனிதர்க்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இக்காவலனை ஆக்கும் மரபணு திரிந்திருக்கக் காண்கிறோம்.

காவலன் எப்போதும் வாளேந்தி நின்றால் குடிகள் வாழ முடியாது. எனவே இயல்பான காலத்தில் எம்.டி.எம்.2 என்னும் நொதி பி53க்கு முத்திரையிட்டு அதன் அளவைக் குறைத்தே வைத்திருக்கும். தீங்கு நேர்ந்த பொழுதில் அந்த முத்திரையிடல் தளர, காவலன் பெருகி எழுவான். முத்திரை இங்கு ஒரு நல்லாட்சியின் கருவி.

பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றில் நிகழ்வது வேறு. இந்நோய்க்கு மனிதப் பாப்பிலோமா நச்சுயிரி, சுருக்கமாக எச்.பி.வி., காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் நிறுவினார். 1983இலும் 1984இலும் அதன் 16, 18 ஆகிய வகைகளை அவர் குழுவினர் இப்புற்றில் கண்டனர். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்புற்றுக்கு ஆளான பெரும்பாலோரின் உயிரணுக்களில் பி53 மரபணு பழுதின்றியே இருக்கிறது. காவலன் குற்றமற்றவன், ஊனமுமில்லாதவன். ஆயினும் அவனைக் காணோம். எங்கே போனான்?

1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் விடை கிடைத்தது. நச்சுயிரி இ6 என்னும் சிறு புரதமொன்றை ஆக்குகிறது. அப்புரதம் தானே கொல்லும் ஆற்றலுடையதன்று. உயிரணுவில் ஏற்கெனவே பணியிலிருக்கும் ஒரு முத்திரை நொதியை அது பற்றிக்கொள்கிறது. இ6-ஏபி என்பது அந்நொதியின் பெயர். தனித்திருக்கையில் அந்நொதி பி53ஐ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இ6 இடையில் நின்று 'இவனே கள்வன்' என்று காட்டியதும், அது பி53இன்மேல் அழிவு முத்திரையைக் கோத்துவிடுகிறது. சிதைப்பகம் தன் கடமையைச் செய்கிறது.

அவையோரே, இக்கதை நாம் அறிந்ததுதானே? தான் களவாடிய சிலம்பை மறைக்க, சிலம்பு விற்க வந்த வணிகனைக் கள்வன் என்று காட்டிய பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்ட மன்னன். அவ்வாணையை நிறைவேற்றிய ஊர்க்காவலர். பொற்கொல்லன் கையில் வாள் இல்லை. அரசின் சட்டத்தையே அவன் வாளாக்கினான். நச்சுயிரியும் உயிரணுவின் சட்டத்தையே வாளாக்குகிறது. இ7 என்னும் மற்றொரு புரதத்தால், உயிரணுப் பெருக்கத்திற்குத் தடையாக நிற்கும் இன்னொரு காவலையும் வீழ்த்துகிறது. காவலிழந்த உயிரணுக்களில் பிழைகள் குவிய, காலப்போக்கில் அவற்றுள் சில புற்றாகின்றன.

உவமை எவ்வளவு தூரம் உதவுமோ அவ்வளவு தூரமே அதனோடு செல்ல வேண்டும். கோவலன் மீளவில்லை. பி53 மீளும். ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி 1951இல் இதே நோயால் மறைந்தார். அவர் இசைவைப் பெறாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவற்றில் 18ஆம் வகை நச்சுயிரியின் மரபணுக்கள் உள்ளன. அவ்வுயிரணுக்களில் நச்சுயிரிப் புரதங்களின் ஆக்கத்தை அடக்கிப் பார்த்தபோது பி53 மீண்டும் திரண்டது, பெருக்கம் நின்றது. காவலனை ஆக்கும் மரபணு அழியவில்லை; பிறந்த காவலர்தாம் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டுக் கொண்டிருந்தனர்.

அங்ஙனமாயின் அந்த முத்திரை நொதியையே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. இ6-ஏபியை ஆக்கும் மரபணு தாய்வழியில் கிடைக்காத குழந்தைகளுக்குப் பேச்சும் அறிவு வளர்ச்சியும் குன்றும் ஏஞ்சல்மன் குறைபாடு வருகிறது. அந்நொதி கெட்டதன்று, கெட்டவன் சொல் கேட்டது. சிதைப்பகத்தையே ஓரளவு தடுக்கும் போர்ட்டிசோமிப் என்னும் மருந்து 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, எலும்பு மச்சையில் தோன்றும் மையலோமா என்னும் புற்றுக்குப் பயன்பட்டு வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுக்கு அது மருந்தன்று. அங்கு அறுவையும் கதிர்வீச்சும் உடன்தரும் வேதி மருந்துகளும் துணை. அவற்றினும் மேலான துணையொன்று உண்டு. அது காலம்.

சிலம்பை உடைத்துப் பார்த்தபின் தெரிந்த உண்மை, வெட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் அதற்கு நேரமில்லை. இங்கு நேரம் இருக்கிறது. நச்சுயிரி தொற்றி நிலைத்துப் புற்றாக மாறுவதற்கு இயல்பான எதிர்ப்பாற்றல் உடைய பெண்ணில் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். விசாரணைக்கு இத்துணை நீண்ட தவணை தரும் நோய்கள் மிகச் சிலவே.

அவ்விசாரணையைத் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே நடந்த பேராய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. செய்முறை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையற்கூடத்துக் காடி போன்றதை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பர். மாறுபட்ட உயிரணுக்கள் உள்ள இடம் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்தனர். அவ்வாறு ஒரேயொரு முறை சோதிக்கப்பட்டு, வேண்டியோர்க்கு மருத்துவமும் தரப்பட்ட ஊர்களில், ஏனைய ஊர்களை நோக்க, இந்நோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. மாநில அரசின் சுகாதாரத் திட்டம் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் இச்சோதனையை நடத்திப் பார்த்துப் பின்னர் மாநிலமெங்கும் விரித்தது. தடுப்பூசியும் வந்துவிட்டது. இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட எச்.பி.வி. தடுப்பூசிக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. சிறுமியர்க்கு இத்தடுப்பூசி வழங்கப்படும் என்று தமிழ்நாட்டரசு 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது.

இவ்வளவு இருந்தும், 2022ஆம் ஆண்டிற்கான உலகக் கணிப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஏன்? வறுமையும் தொலைவும் காரணங்கள்தாம். இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. அது சொல் பற்றியது. ஆகவே நம்மைச் சார்ந்தது.

இந்நச்சுயிரி உடலுறவால் பரவுவது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், நோயுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மை என்ன? மணவாழ்வு வாழ்ந்தோரில் பெரும்பாலோர், ஆணாயினும் பெண்ணாயினும், வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நச்சுயிரியைச் சந்தித்தவர்களே. பத்தில் ஒன்பது பேரில் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதனை வென்றுவிடுகிறது. எஞ்சிய சிலரில் அது நிலைத்துவிடுகிறது. கணவனையன்றிப் பிறரை அறியாத பெண்ணுக்கும் இது வரும். மற்றொருத்திக்கு வராமலும் போகும். இதில் கற்புக்கோ பழிக்கோ இடமில்லை. ஆயினும் சோதனைக்குச் சென்றாலே 'இவளுக்கு ஏதோ' என்று ஊர் சொல்லும் என்னும் அச்சத்தால் வீட்டிலேயே இருந்துவிடும் பெண்கள் பலர். உதிரப்போக்கை நாத்தனாரிடமும் சொல்லார், மருத்துவரிடமும் சொல்லார். வலி முற்றிய பின்னரே சொல்வர்.

இதுவும் ஒரு முத்திரைதான். குற்றமற்றவர்மேல் குத்தப்படும் முத்திரை. சற்றுமுன் கண்ணகியின் காப்பியத்தை உவமை கூறினேன். அதே கண்ணகியின் பெயரால் ஒரு பெண்ணின் நோயை எடைபோடுவோமாயின், நாமும் பொற்கொல்லன் பக்கத்தில் நிற்பவராவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இரு பெரும் பணிகளான தேவதாசி முறை ஒழிப்பையும் புற்றுநோய் மருத்துவத்தையும் தனித்தனியாகவே போற்றி வருகிறோம். அவையிரண்டும் ஒன்றே என்பது என் கருத்து. பிறப்பின் பெயரால் பெண்ணுடலில் இடப்பட்ட முத்திரையை முன்னதில் அழித்தார். 'சாகப்போகிறவர்' என்று நோயாளர் நெற்றியில் இடப்பட்ட முத்திரையைப் பின்னதில் அழித்தார்.

கவிஞர் பெருமக்களே, இவ்விடத்தில் உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, புற்றுநோயை வசைச்சொல்லாக ஆளும் வழக்கத்தைக் கைவிடுவோம். ஊழல் ஒரு புற்றுநோய், சாதி ஒரு புற்றுநோய் என்று கவியரங்குகளில் முழங்குகிறோம். கைதட்டலும் பெறுகிறோம். அவையின் கடைசி வரிசையில் தலைமுடி உதிர்ந்து முக்காடிட்டு ஒரு பெண் அமர்ந்திருக்கக்கூடும். தன் உடலில் உள்ளது நோய் மட்டுமன்று, இழிவும்கூட என்று அவள் அவ்வரியிலிருந்து அறிந்துகொள்கிறாள். தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்ட அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக், நோயை உருவகமாக்கும் போக்கைக் கண்டித்து 1978இல் ஒரு நூலே எழுதினார். சாதியைச் சாதி என்றும் ஊழலை ஊழல் என்றும் நேரே சொல்வதற்குத் தமிழில் சொல் இல்லாமற் போகவில்லை.

இரண்டாவது, இந்த அறிவை நம் பெண்களிடம் சேர்க்கும் சொற்களை ஆக்கித் தாருங்கள். இம்மாவட்டத்திற்கு அவ்வகையில் பெருமைமிக்க முன்வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுந்த அறிவொளி இயக்கத்தில், குவாரியில் கல்லுடைத்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் எழுத்தறிந்தனர். ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவ்வியக்கத்தைத் தெருவெங்கும் கொண்டு சென்றவற்றுள் பாட்டுக்கும் வீதி நாடகத்திற்கும் பேரிடம் உண்டு. மிதிவண்டி ஏறும் பெண்ணைக் கேலி பேசிய வாய்களை அப்பாட்டுகள் அடைத்தன. அன்று எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் பாடியவர்கள், இன்று 'முப்பது வயதாயிற்றா, சோதனைக்குப் போய்வா' என்று ஏன் பாடக்கூடாது?

அப்பாட்டில் யுபிக்விட்டின் என்ற சொல் வர வேண்டுவதில்லை. கருப்பை வாய் என்ற சொல் கூச்சமின்றி வந்தால் போதும். வகுப்பறையில் அச்சொல்லைச் சொல்லும்போது மாணவியர் தலைகுனிவதை நான் கண்டு வருகிறேன். தலைகுனிய அதில் ஒன்றுமில்லை என்பதைப் பாடநூலினும் விரைவாகக் கவிதை கற்பிக்கும். கலைச்சொல் ஆக்கம் அகராதியில் தொடங்கலாம். அது முற்றுப்பெறுவது ஒரு பெண் தன் உடலில் நிகழ்வதைத் தன் மொழியில் அஞ்சாது சொல்லும் நாளில்தான். தமிழாசிரியருக்கு இதில் வேலையுண்டு என்று தொடக்கத்தில் கூறியது இதனையே.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் இப்பொருளில் ஒரு பாட்டு எழுதி வருக என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றுள் தேர்ந்தவற்றை நம் ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்க்குத் தருவோம். பத்தாண்டு நிறைவுக்கு வட்டம் செய்யத்தக்க சிறு பணி அது.